மழைநாளில் மூட்டிய தீ

நுழையும்முன்

நெருப்பு இன்று நம் விரல்நுனியில் இருக்கிறது. குமிழைத் திருகினால் அடுப்பு எரிகிறது. பொத்தானை அழுத்தினால் விளக்கு ஒளிர்கிறது. ஆனால், விடாமல் மழை பெய்யும் மலைச்சரிவில், விறகும் உடையும் தீப்பெட்டியும் நனைந்துவிட்ட நேரத்தில், குளிரில் நடுங்கும் ஒரு சிறுவனுக்கு வெம்மை தேவைப்பட்டால் அந்தத் தீ எங்கிருந்து வரும்? ஐப்பசி மாதப் பகலொன்றில் ஒரு குடும்பம் இக்கேள்விக்குக் கண்ட விடையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மலையும் மழையும்

தமிழ்நாட்டின் ஆண்டு மழைப்பொழிவில் ஏறத்தாழப் பாதியை வடகிழக்குப் பருவமழை தருகிறது. வங்கக்கடலின் ஈரத்தைச் சுமந்துவரும் காற்று, சமவெளியைக் கடந்து மலைகளின் கிழக்குச் சரிவுகளில் மோதி மழையாய்ப் பொழிகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிக் கிளைத்து நீளும் பழனிமலை, அந்த மழையை நிறையப் பெறுகின்ற மலை. அதன் கீழ்மலைப் பகுதியில், ஏறத்தாழ 1300 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது தாண்டிக்குடி. அவ்வட்டாரத்துச் சரிவுகளில் நிழல்மரங்களுக்கு அடியில் காப்பிச்செடிகள் செழிக்கின்றன. மரங்களைப் பற்றி மிளகுக்கொடி ஏறுகிறது. இடையிடையே மலைவாழை குலை தள்ளி நிற்கிறது.

அவ்வூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் மூன்று ஏக்கர் காப்பித்தோட்டத்தைப் பேணிவரும் பெரியவர் ஒருவருக்கு வயது எழுபத்தெட்டு. மகன் மதுரையில் வங்கிப் பணியில் இருக்கிறார். தீபாவளி விடுமுறைக்கு மகனும் மருமகளும் பிள்ளைகள் இருவரும் மலைக்கு வந்திருந்தனர். பேத்தி பதினொன்றாம் வகுப்பு மாணவி. பேரன் ஐந்தாம் வகுப்பு. கைப்பேசிப் படங்களில் கண்டதுபோலக் காட்டில் கூரை அமைத்து, சுள்ளி பொறுக்கித் தீமூட்டி, கூட்டாஞ்சோறு ஆக்கி உண்ண வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. காப்புக்காட்டில் அதற்கு இடமில்லை. ஓடைக்கு அப்பாலிருந்த சொந்தத் தோட்டத்தின் மேற்பகுதிக்குப் போகலாம் என்று பெரியவர் சொன்னார்.

அன்று காலையே வானம் மூடியிருந்தது. "மழை வரும்போல் இருக்கிறதே மாமா, நாளைக்குப் போகலாமா?" என்று மருமகள் தயங்கினார். "ஐப்பசியில் நாளைக்கும் மழைதான் அம்மா. மழையில் எப்படி இருப்பது என்று மழையில்தான் தெரிந்துகொள்ள முடியும்" என்றார் பெரியவர். சாக்குப்பையின் ஒரு மூலையை மற்றொரு மூலைக்குள் மடித்துச் செருகி, அதைக் கொங்காணியாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவர் முன்னே நடந்தார். அட்டைக்கடிக்கு அஞ்சி மற்றவர்கள் கால்களில் உப்பும் புகையிலையும் கலந்த நீரைத் தடவிக்கொண்டு பின்தொடர்ந்தனர்.

இடம் தேர்தல்

ஓடையைக் கடந்ததும் நீரருகே ஒரு சமதளம் தென்பட்டது. மணல் விரிந்த அழகிய இடம். "இங்கேயே இருக்கலாம்" என்று பேரன் பையை இறக்கினான். பெரியவர் ஒன்றும் சொல்லாமல், அவ்விடத்தில் நின்ற புதரொன்றைச் சுட்டிக்காட்டினார். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் அதன் கிளைகளில் காய்ந்த சருகும் வேர்த்துணுக்குகளும் சிக்கியிருந்தன. சென்ற மழையில் ஓடை அவ்வளவு உயரம் ஏறியிருந்தது என்பதற்கு அதுவே சான்று. "தண்ணீர் தன் கணக்கை எழுதி வைத்துவிட்டுத்தான் போகும், நாம்தான் படிப்பதில்லை" என்றார் அவர்.

சற்று மேலே ஏறியதும் தனித்து நின்ற உயர்ந்த மரம் ஒன்று இருந்தது. இடி மின்னல் வேளையில் அதனடியில் ஒதுங்குதல் கேடு. அதற்கப்பால் இருந்த மரத்திலோ பட்டுப்போன பெருங்கிளை ஒன்று தொங்கியது. காற்றடித்தால் அது முறிந்து விழும். இவ்விரண்டையும் தவிர்த்து, ஏறத்தாழ ஒரே உயரமுள்ள மரங்களுக்கு இடையே, நீர் தேங்காத சிறு மேட்டைப் பெரியவர் தேர்ந்தார். அண்ணாந்து பார்த்தல், குனிந்து பார்த்தல், காற்று வரும் திசையைப் பார்த்தல் ஆகிய மூன்றையும் முடித்த பிறகே அவர் பையை இறக்கினார்.

நாரும் கூரையும்

மகன் தார்ப்பாய் கொண்டுவந்திருந்தார், கயிற்றை மறந்துவிட்டார். பெரியவர் வெட்டிப்போட்டிருந்த மலைவாழைத் தண்டின் மட்டையை உரித்து, நீளவாக்கில் நாராகக் கிழித்தார். அதற்குள் தூறல் விழத் தொடங்கியிருந்தது. "நனைந்துவிட்டதே தாத்தா" என்றாள் பேத்தி. "நனையட்டும் தாயி. காய்ந்த நார் மடக்கினால் ஒடியும். நனைந்த நார்தான் வளைந்து கொடுக்கும்" என்றார்.

பூக்கட்டுவோர் வாழைநாரை நீரில் நனைத்து வைத்திருப்பது அதனால்தான். நாரை மூன்று புரியாக்கிப் பின்னியதும் அது கயிறாயிற்று. இரு மரங்களுக்கிடையே அதை இழுத்துக்கட்டி, தார்ப்பாயை ஒருபுறம் தாழ்வாக, காற்று வரும் பக்கம் சரியும்படி விரித்தனர். கட்டிய முடிச்சுகளின் ஒருமுனையை இழுத்தால் அவிழும் சுருக்காக விட்டுவைக்கும்படி பெரியவர் சொன்னார். குளிரில் விரல் மரத்த பிறகு, இறுகிய முடிச்சை அவிழ்க்க முடியாது. கூரையின் மேற்புறத்தில் ஒரு சாண் அகலத்திற்குச் சிறுகால் வெட்டி, வழிந்துவரும் நீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டனர். உள்ளே காய்ந்த சருகைத் தேடித்தேடி எடுத்துக் கனமாகப் பரப்பி, அதன்மேல் கோணிச்சாக்கை விரித்தனர். உடலின் வெம்மையை ஈரத்தரை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே, மேலே கூரை அமைப்பது எவ்வளவு இன்றியமையாததோ கீழே படுக்கை அமைப்பதும் அவ்வளவு இன்றியமையாதது.

நனைந்த தீப்பெட்டி

பகல் பதினொரு மணிக்குத் தூறல் பெருமழையாயிற்று. நீர் எடுத்துவரச் சென்ற பேரன் ஓடைக்கரையின் பாசிக்கல்லில் வழுக்கி, மார்பளவு நீரில் விழுந்தான். தந்தை பாய்ந்து அவனைப் பற்றித் தூக்கிவிட்டார். காயம் ஏதுமில்லை. ஆனால், இருவரும் முழுவதும் நனைந்துவிட்டனர். தந்தையின் சட்டைப்பையிலிருந்த தீப்பெட்டியும் நனைந்தது.

உடனே வீடு திரும்பலாம் என்று மருமகள் கூறினார். பெரியவர் ஓடையைப் பார்த்தார். காலையில் கூழாங்கல் தெரிய ஓடிய நீர் செம்மண் நிறத்தில் கலங்கிப் புரண்டது. முழங்காலளவு விரைநீர்கூட வளர்ந்தவரைச் சாய்த்துவிடும் ஆற்றலுடையது. "கலங்கிய தண்ணீரில் கால் வைக்கக்கூடாது. மழை விட்டு இரண்டு மூன்று மணி நேரம் போனால் தானாக இறங்கிவிடும். அதுவரை இங்கேதான்" என்றார்.

பேரனுக்கு முதலில் உதடு நடுங்கியது. பிறகு உடல் முழுவதும் நடுங்கியது. "குளிருகிறதா?" என்று தாய் கேட்டபோது அவன் சொன்ன விடை குழறலாக வந்தது. பெரியவரின் முகம் மாறியது அப்போதுதான்.

மனித உடலின் இயல்பான வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி செல்சியசு. அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உடல் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் ஆற்றலை மெல்ல இழக்கிறது. பனி உறையும் குளிரில்தான் இவ்வாறு நேரும் என்பதில்லை. அசையாத காற்றைக் காட்டிலும் நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஆகையால், 15 டிகிரி வெப்பநிலையில் நனைந்த உடையுடன் காற்றில் நிற்பதே சிறுவர்க்கும் முதியவர்க்கும் இடராகலாம். நடுக்கம், குழறல், தள்ளாட்டம், சோர்வு ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக வரும். நடுக்கம் இருக்கும்வரை உடல் போராடுகிறது என்று பொருள். வெம்மை கிட்டாமலே நடுக்கம் நின்றுவிட்டால் நிலைமை முற்றிவிட்டது என்று அறிய வேண்டும்.

நனைந்த உடையைக் களைந்து, உடலைத் துடைத்து, பெரியவர் கொண்டுவந்திருந்த ஆட்டுமயிர்க் கம்பளியைச் சுற்றி, தாய் சிறுவனை மடியில் இறுக அணைத்துக்கொண்டார். நனைந்த பருத்தி உடலைக் குளிர்விக்கும்; கம்பளியோ ஈரம்பட்டாலும் ஓரளவு வெம்மையைக் காக்கும். கை கால்களைத் தேய்க்கப் போன மகனைப் பெரியவர் தடுத்தார். தேய்ப்பதால் கைகால்களின் குளிர்ந்த குருதி நெஞ்சுக்குத் திரும்பித் தீங்கு செய்யலாம். மார்புக்கும் முதுகுக்கும்தான் முதலில் வெம்மை வேண்டும்.

மகன் தீக்குச்சியை உரசிப் பார்த்தார். தீப்பெட்டியின் பக்கப்பட்டையில் சிவப்புப் பாசுபரசும், குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் இருக்கின்றன. இரண்டும் உரசும்போதுதான் தீ பிறக்கும். நனைந்த பட்டை சேறாய் வழிந்து உரிந்தது. பெட்டி முழுவதும் தீர்ந்தும் ஒரு குச்சிகூடப் பற்றவில்லை. கோவில்பட்டியும் சிவகாசியும் சாத்தூரும் நாட்டுக்கே தீப்பெட்டி வழங்கும் மாநிலத்தில், அந்த ஒரு மணி நேரம் ஒரு குடும்பத்திற்குத் தீ இல்லாமற் போயிற்று.

விறகின் உள்ளே

பெரியவர் மகனிடம் அரிவாளைக் கொடுத்து, "தரையில் கிடக்கிற எதையும் எடுக்காதே. நின்றபடி பட்டுப்போன மரமாகப் பார். மணிக்கட்டுப் பருமன் இருந்தால் போதும்" என்றார்.

இதில் ஓர் அறிவியல் அடங்கியுள்ளது. தரையில் கிடக்கும் விறகு மண்ணின் ஈரத்தைப் பல நாள்கள் குடித்து உள்வரை ஊறியிருக்கும். நின்ற நிலையில் பட்ட மரத்தில் மழைநீர் வழிந்தோடிவிடும். பட்டையும் வெளிப்புறமும் மட்டுமே நனைந்திருக்கும். ஒரு கிலோ நீரைக் கொதிநிலையில் ஆவியாக்குவதற்கு ஏறத்தாழ 2260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். விறகில் நீர் இருக்கும்வரை தீயின் வெப்பம் அந்த நீரை விரட்டுவதிலேயே செலவாகும். அதுவரை அவ்விடத்து வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. மரம் தீப்பற்றுவதற்கோ அதனினும் இருமடங்குக்கு மேற்பட்ட வெப்பநிலை வேண்டும். ஈரவிறகு புகைந்து புகைந்து அணைவது இதனால்தான்.

மகன் கொண்டுவந்தது பட்டுப்போன சில்வர் ஓக் கிளையொன்றும், காய்ந்த காப்பித்தண்டுகள் சிலவும். கூரைக்கடியில் வைத்து அவற்றின் நனைந்த மேற்புறத்தைச் செதுக்கி எறிந்தனர். பிறகு நடுவே பிளந்தனர். உள்ளே வெளிறிய நிறத்தில் உலர்ந்த மரம் இருந்தது. பேத்தி அதைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், குளிரவில்லை. ஈரம் இருந்தால் கன்னம் உடனே சொல்லிவிடும் என்பது பெரியவர் காட்டிக்கொடுத்த சோதனை.

பிளந்த துண்டுகளை மூன்று பிரிவாக்கினர்: தீக்குச்சிப் பருமனில் சிராய், விரற்பருமனில் சுள்ளி, மணிக்கட்டுப் பருமனில் விறகு. சில துண்டுகளைக் கத்தியால் மெல்லிதாகச் சீவி, சீவல் உதிர்ந்துவிடாமல் சுருள்சுருளாக அடியில் ஒட்டிநிற்கும்படி விட்டனர். மெல்லிய சுருளில் சூடேற வேண்டிய மரம் குறைவு. காற்றுப்படும் பரப்பு மிகுதி. ஒவ்வொரு பிரிவும் கைநிறையச் சேரும்வரை தீமூட்டப் பெரியவர் இசையவில்லை. "மூட்டிவிட்டுச் சுள்ளி தேடப் போகிறவன் திரும்பி வரும்போது சாம்பல்தான் இருக்கும்" என்பது அவர் வாக்கு. ஈரத்தரையின்மேல் தட்டைக் கற்களைப் பரப்பி, அவற்றின்மேல் விறகுத் துண்டுகளை அடுக்கி மேடை அமைத்தனர். ஆயத்தங்களுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. தாயின் மடியில் சிறுவன் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தான்.

> தெரிந்து தெளிவோம்
>
> சிராய் – மரத்தின் மெல்லிய பிளவு. செத்தை – காய்ந்த இலை, புல் முதலியவற்றின் குவியல். சுள்ளி – சிறு காய்ந்த குச்சி. பட்டமரம் – நின்ற நிலையில் உயிரற்றுக் காய்ந்த மரம். கங்கு – சுடரின்றிக் கனலும் நெருப்புத் துண்டு. கொள்ளி – எரியும் விறகு. தணல் – எரிந்தடங்கிய நெருப்பு.
>
> காப்புக்காடுகளில் தீமூட்டுவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டப்படி குற்றமாகும்.

ஒரு பொறி

பெரியவர் இடுப்பிலிருந்து ஒரு மூங்கிற்குழாயை எடுத்தார். ஒரு கணு மூடியாகவும் மறுமுனை தக்கையால் அடைக்கப்பட்டும் தேன்மெழுகு பூசப்பட்டும் இருந்தது. அதற்குள் ஒரு சக்கிமுக்கிக்கல், வளைந்த எஃகுத்துண்டு, கருக்கிய பருத்தித்துணி, தேங்காய்நார், இலவம்பஞ்சு, நெல்லிக்காய் அளவில் ஒரு கருங்குங்கிலியத் துண்டு ஆகியன இருந்தன. இளமையில் தம்முடன் தோட்டத்தில் உழைத்த பளியர் ஒருவரிடம் கற்றுக்கொண்டது அது. பழனிமலையின் தொல்குடிகளுள் ஒருவரான பளியர், தேனெடுத்தலிலும் கிழங்ககழ்தலிலும் காட்டை நுணுகி அறிந்தவர்கள். ஐம்பது ஆண்டுகளாகப் பெரியவர் அந்தக் குழாயைப் பேணிவந்தார். தீப்பெட்டி வீட்டில் நிறைந்திருந்த காலத்திலும் அதை விட்டதில்லை.

காற்றுப் புகாத சிமிழுக்குள் பருத்தித்துணியை வைத்துச் சூடேற்றினால் அது எரியாமல் கருகிக் கரியாகும். அவ்வாறு கருகிய துணி மிகச் சிறிய பொறியையும் பற்றிக்கொள்ளும். சக்கிமுக்கிக்கல்லின் கூர்விளிம்பில் எஃகு உரசும்போது, சீவப்படும் இரும்புத்துகள் காற்றில் எரிந்து பொறியாகிறது.

பெரியவர் கல்லை இடக்கையில் பிடித்து எஃகை வலக்கையால் வீசினார். பொறி தெறித்தது, துணியில் விழவில்லை. மறுபடியும் வீசினார். கை நடுங்கியது. சில ஆண்டுகளாகவே இருந்துவந்த முதுமையின் நடுக்கம், குளிரில் கூடியிருந்தது. ஏழெட்டு முறை முயன்றபின் எஃகு கைநழுவிச் சருகில் விழுந்தது. அவர் மகனைப் பார்த்தார். மகன் அதுவரை அந்தக் கல்லைத் தொட்டதே இல்லை. விறகு பிளந்ததில் கிழிபட்ட அவருடைய உள்ளங்கையில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"நீ வா தாயி" என்றார் பெரியவர்.

பேத்தி கல்லை வாங்கினாள். கருகிய துணியைக் கல்லின் விளிம்பை ஒட்டி மேற்புறமாக வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ளச் சொன்னார். மணிக்கட்டைத் தளர்த்தி, அடிப்பதுபோலன்றிச் சீவுவதுபோல எஃகை மேலிருந்து கீழே இறக்கச் சொன்னார். முதல் வீச்சில் விரல்முட்டி கல்லில் மோதித் தோலுரிந்தது. அவள் நிறுத்தவில்லை. பத்து, பதினைந்து, இருபது வீச்சுகள். தந்தை நனைந்த முதுகுடன் காற்றுப் பக்கம் திரும்பி அமர்ந்து அவளுக்குத் திரையாக இருந்தார். ஒரு வீச்சில் கருந்துணியின் ஓரத்தில் கடுகளவு செம்புள்ளி தோன்றியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"மூச்சை அடக்காதே. அதற்கும் மூச்சு வேண்டும். மெல்ல ஊது" என்றார் பெரியவர்.

புள்ளி படர்ந்தது. அதை இலவம்பஞ்சும் தேங்காய்நாரும் சேர்த்துக் குருவிக்கூடுபோல் பிடித்துவைத்த உருண்டைக்குள் இட்டு, இரு கைகளாலும் ஏந்தி, கீழிருந்து சீராக ஊதினாள். புகை மெலிந்து எழுந்தது; தடித்தது; வெளுத்தது. கண் எரிந்து நீர் வழிந்தும் ஊதிக்கொண்டே இருந்தாள். சட்டென்று உருண்டை சுடர்விட்டது. குங்கிலியத் துண்டை அதில் வைத்ததும் கரும்புகையும் நறுமணமுமாய்த் தீ நிலைத்தது. மேல் சுருள்சீவல், அதன்மேல் சிராய், பிறகு சுள்ளி என்று அவள் ஒவ்வொன்றாக வைத்தாள். விறகு இடுவதற்குப் பெரியவர் நெடுநேரம் இசைவளிக்கவில்லை. இளந்தீயின்மேல் பெருவிறகை வைத்தால் காற்றின்றி அது மூச்சடைத்து அணையும்.

சங்க இடையனின் தோற்பை

மழைக்காலத்தில் தீயைப் பேணும் இவ்வறிவு தமிழ்நிலத்திற்குப் புதிதன்று. நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடை மழையிலேயே தொடங்குகிறது. வெள்ளத்திற்கு அஞ்சி ஆநிரைகளை மேட்டுநிலத்திற்கு ஓட்டிச் சென்ற கோவலர், குளிரில் கன்னம் நடுங்கக் கொள்ளியில் கைகாய்ச்சி நிற்கும் காட்சியை அதில் காண்கிறோம். பெரும்பாணாற்றுப்படையில் இடையன் ஒருவன் ஞெலிகோலால் தீக்கடைகிறான். பிறந்த கொள்ளியைக் கொண்டே மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்கிறான். கோலோடு கோலைக் கடைந்து தீயுண்டாக்கும் கருவியே ஞெலிகோல். தீக்கடைகோல் என்பதும் அது.

நற்றிணையின் 142ஆம் பாடலில் வரும் பால்விற்கும் இடையன் இங்கே சிறப்பாக நினைக்கத்தக்கவன். மழைத்துளி ஒருபக்கம் நனைக்க, கோலை ஊன்றி அதில் காலை வைத்து ஒடுங்கி நிற்கிறான் அவன். முதுகில் ஓலைப்பாய். உடல் நனைகிறது; அதை அவன் பொருட்படுத்தவில்லை. ஆனால், தன் ஞெலிகோலை மற்றக் கருவிகளோடு சேர்த்துத் தோலுக்குள் சுருட்டிப் பாதுகாத்திருக்கிறான். எது நனையலாம், எது நனையக்கூடாது என்பதை அவன் மழைக்கு முன்பே முடிவுசெய்துவிட்டான். அவனுடைய தோற்சுருளும் பெரியவரின் மெழுகிட்ட மூங்கிற்குழாயும் ஒரே எண்ணத்தில் பிறந்தவை.

அனல் அருகே

தீ நிலைத்ததும் மூன்று கற்களைக் கூட்டி ஏனத்தை ஏற்றினர். ஓடைநீர் கலங்கியிருந்ததால், தார்ப்பாயின் விளிம்பிலிருந்து வழிந்த மழைநீரைப் பிடித்துக் கொதிக்கவைத்தனர். அந்த உயரத்தில் நீர் 96 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். சில நிமிடங்கள் தளதளவென்று கொதிக்கவிட்டு, கருப்பட்டியும் தட்டிய சுக்கும் காப்பித்தூளும் இட்டு இறக்கினர். சிறுவன் இரு கைகளாலும் குவளையைப் பற்றி ஒவ்வொரு மிடறாகக் குடித்தான். தீயின் அருகே சூடாக்கிய துணியை அவன் நெஞ்சிலும் முதுகிலும் ஒற்றினர். மெல்ல மெல்ல நடுக்கம் குறைந்தது. பேச்சும் தெளிந்தது. "கூட்டாஞ்சோறு எப்போது?" என்று அவன் கேட்டபோது தாய் முதலில் சிரித்தார்; பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

தணலில் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் புதைத்துச் சுட்டனர். மீந்த ஈரவிறகை அடுப்பைச் சுற்றி நிறுத்திவைத்தனர். எரியும் விறகு தீர்வதற்குள் அது காய்ந்து அடுத்த முறைக்கு ஆயத்தமாகும். மழை தார்ப்பாயின்மேல் விழுந்துகொண்டே இருந்தது.

மகன் கையிலிருந்த எஃகுத்துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை எனக்கு ஏன் அப்பா நீங்கள் சொல்லித்தரவில்லை?" என்று கேட்டார். குறைகூறும் குரலில் அவர் கேட்கவில்லை.

பெரியவர் உடனே விடை சொல்லவில்லை. ஒரு சுள்ளியைத் தீயில் தள்ளிவிட்டு, "நீ நன்றாகப் படித்தாய். இந்தத் தோட்டத்து வேலை எதுவும் உன்னைப் பிடித்து இழுத்துவிடக்கூடாது என்று நினைத்தேன். அரிவாளைக்கூட உன் கையில் கொடுத்ததில்லை. இதுவும் ஒரு படிப்புதான் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை" என்றார்.

"இப்போது சொல்லித்தாருங்கள்" என்றார் மகன்.

துணி சுற்றிய கையால் அவர் எஃகைப் பிடித்தார். எங்கே கட்டைவிரலை வைக்க வேண்டும் என்பதை அவருடைய மகள் காட்டினாள். பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார், ஒருமுறை மட்டும் கோணத்தைத் திருத்தினார்.

தீயை அணைத்தல்

பிற்பகல் மூன்று மணிக்கு மழை ஓய்ந்தது. நான்கு மணிக்கு மேல் ஓடையின் நிறம் தெளியத் தொடங்கியது. புறப்படும் முன் தீயை அணைப்பதில் பெரியவர் காட்டிய பொறுமை, மூட்டுவதில் காட்டியதற்குச் சற்றும் குறைந்ததன்று. தணலைக் கலைத்துப் பரப்பி, நீர் தெளித்து, குச்சியால் கிளறி, மறுபடியும் நீர் தெளித்தார். கடைசியில் சாம்பலுக்குச் சற்று மேலே புறங்கையைப் பிடித்துப் பார்க்கும்படி பேரனிடம் சொன்னார். சூடு தெரியாதபோது அவனையே தொட்டுப்பார்க்கச் செய்தார். "குளிர்ந்துவிட்டது தாத்தா" என்று அவன் சொன்ன பிறகே பையை எடுத்தனர். கற்கள் இருந்த இடத்திற்குத் திரும்பின. கூரைக்கு வெட்டிய சிறுகால் மண்ணால் மூடப்பட்டது. வாழைநார்க் கயிற்றை மட்டும் பேத்தி அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டாள். சுருக்குமுடிச்சுகள் ஓர் இழுப்பில் அவிழ்ந்தன.

இடுப்பளவு கோல்களை ஊன்றி, ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு, நீரோட்டத்தை எதிர்நோக்கியவாறு ஓடையைக் கடந்தனர். நீர் கணுக்காலளவே இருந்தது.

அந்த ஒருநாளில் அக்குடும்பத்தை நெருக்கடியிலிருந்து மீட்டவை மூங்கிற்குழாயில் அடங்கும் சிறுபொருள்கள்தாம். ஆனால், அவை அங்கு இருந்ததற்குக் காரணம், வெயிலடித்த நாளொன்றில் யாரோ ஒருவர் மழையை நினைத்திருந்ததே. பஞ்சைக் காயவைத்தல், துணியைக் கருக்குதல், தக்கைக்கு மெழுகு பூசுதல் ஆகிய சிறுபணிகளை ஐம்பது ஆண்டுகள் ஒருவர் சலியாது செய்துவந்தார். அவற்றுள் பெரும்பாலான ஆண்டுகளில் அந்தக் குழாய்க்குத் தேவையே ஏற்படவில்லை. கைத்திறன்களின் இயல்பு இது. தேவை இல்லாத நாளில் கற்றுக்கொண்டால்தான் தேவை வரும் நாளில் அவை துணை நிற்கும். கற்றவர் கை தளர்வதற்குள் மற்றொரு கைக்கு மாறினால்தான் அவை நிலைக்கும்.

மறுநாள் காலை வெயில் எட்டிப்பார்த்தது. முற்றத்து முறத்தில் இலவம்பஞ்சும் தேங்காய்நாரும் காய்ந்துகொண்டிருந்தன. பழைய வேட்டியின் ஒரு துண்டைச் சிமிழுக்குள் அடைத்துத் தணலில் வைத்திருந்தாள் பேத்தி. தோட்டத்து மூங்கிற்புதரிலிருந்து ஒரு கணுவை வெட்டிக்கொண்டு வந்தார் அவள் தந்தை. பழைய குழாய் ஒன்று போதாது என்று அவருக்குத் தோன்றியிருந்தது.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வீட்டிலோ ஊரிலோ உள்ள முதியவர் ஒருவரிடம், மழைக்காலத்தில் விறகு, விதை, தானியம், தீ ஆகியவற்றை அக்காலத்தில் எவ்வாறு நனையாமல் பாதுகாத்தனர் எனக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. விறகு, தீ ஆகியவை தொடர்பாக உங்கள் வட்டாரத்தில் வழங்கும் சொற்களைத் தொகுத்து, பொருளுடன் அகரவரிசைப்படுத்துக.

3. 'உங்கள் தலைமுறையோடு நின்றுவிடக்கூடாத கைத்திறன் ஒன்று' என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.